மீதிச் சத்தம்

திருமுல்லைவாயிலில் அந்த நாலாவது மாடி வீட்டுக்குத் தண்ணீர் கேன் போட ஆரம்பித்த புதிதில், உள்ளே ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கேனைத் தோளில் வைத்துப் படியேறி, கதவுக்கு வெளியே நின்று மூச்சு வாங்குவேன். உள்ளே ஒரு பெரியவர் இருமுவார். குக்கர் விசிலடிக்கும். ஒரு அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடுவார். ஒரு குழந்தை சிரிக்கும், இன்னொன்று அழும். நான் பெல்லை அடித்ததும் எல்லாம் ஒரே வெட்டில் நின்றுவிடும். கதவைத் திறப்பது எப்போதும் அந்த அக்கா மட்டும்தான்.

நான் ஏழாவது பெயில். அதுவும் கணக்கில். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கே இடித்தது. இத்தனை பேர் இருக்கிற வீட்டுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு கேன். சில வாரம் பழைய கேனே தீர்ந்திருக்காது. தாகமே எடுக்காத குடும்பம் எதுவாக இருக்கும் என்று யோசித்தபோது எனக்குக் கிடைத்த பதில் நன்றாக இல்லை.

ஒரு நாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டேன். "இன்னாக்கா, ஊட்ல எல்லாரும் வெளிய போய்க்கீறாங்களா?"

"எல்லாரும்னா?"

"பெரியவரு, கொயந்தைங்க, சாப்ட கூப்டுவாங்களே ஒரு அம்மா..."

"அவங்க எங்கயும் போக மாட்டாங்க தம்பி" என்றார் அக்கா.

அன்றைக்குக் காலி கேனை எடுக்க மறந்து இறங்கி வந்தேன். செருப்பில் ஒன்றையும் மறந்தேன். கேனுக்காகக் கடை ஓனர் திட்டினார். செருப்புக்காக என் மனைவி திட்டினாள்.

அடுத்த வாரம் அந்த வீட்டை என்னோடு வேலை செய்கிறவன் தலையில் கட்டப் பார்த்தேன். நாலாவது மாடி என்றதும் கும்பிடு போட்டுவிட்டான். பேய்க்கு அவன் பயப்படவில்லை, படிக்குப் பயந்தான். வேறு வழியில்லாமல் நானே போனேன். அக்கா கதவைத் திறந்து, என் ஒற்றைச் செருப்பை எடுத்து வைத்து, "உள்ள வாங்க. பயந்துட்டே போனா நல்லா இருக்காது. பாத்துட்டுப் போங்க" என்றார்.

நாற்பதை ஒட்டிய வயது அவருக்கு. திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்கிறவர். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாட்டியிருப்பதுபோல கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் தொங்கும். மெதுவாகப் பேசுவார். பேசி முடித்த பிறகும் எதையோ கேட்டுக்கொண்டே இருப்பார்.

உள்ளே யாரும் இல்லை. படுக்கையறையில் கட்டில்கூட இல்லை. பழைய வீடியோ டெக்குகள், டேப் ரிக்கார்டர்கள், ஒரு கம்ப்யூட்டர். அதன் திரையில் மலைமேல் ஒரு ரயில்வே ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் ஒரு நரிக்குட்டி. அதன் பக்கத்தில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய ஒரு கல் சாமி.

"இது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பாதிப் பொய்.

அது ஒரு ஜப்பான் குழந்தைகள் கார்ட்டூன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு சேனலில் தமிழில் வந்தது. வாலு என்கிற நரிக்குட்டி ரயிலைத் தவறவிட்டு, வண்டியே வராத ஒரு ஸ்டேஷனில் காத்துக்கிடக்கும். பேச்சுத் துணைக்குக் கல் சாமி. தமிழில் டப்பிங் செய்த புண்ணியவான் யாரோ, நரிக்குப் பள்ளிக்கூடப் புத்தகத் தமிழைக் கொடுத்துவிட்டு, கல் சாமிக்குச் சுத்தமான மெட்ராஸ் பாஷையைக் கொடுத்துவிட்டார். ஜப்பான் மலையில் நிற்கிற சாமி, பட்டரவாக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் பிறந்து வளர்ந்ததுபோலப் பேசும். வாலு அதை 'நைனா' என்றுதான் கூப்பிடும். எங்கள் ஏரியாவுக்கு அது ஒன்றுதான் சொந்த சாமி. அதன் பெயர் கல்லு நைனா.

மீதிப் பாதி உண்மை என்னவென்றால், அந்தக் கார்ட்டூனை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கேட்டிருக்கிறேன். படிப்பு ஏறாததால் என்னைத் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் விட்டிருந்தார்கள். கார்ட்டூன் வருகிற நேரத்தில் நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பேன். அதனால் என் அண்ணன், ஹவுஸ் ஓனர் வீட்டு டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து எனக்காகப் பதிந்து வருவான். வெறும் சத்தத்தைக் கேட்டால் எனக்கு என்ன புரியும் என்று, இடையிடையே அவனே கதையும் சொல்லுவான். "குள்ளா, இப்ப வாலு மரத்துல ஏறுதுடா" என்று. குள்ளன் நான்தான். இப்போதும் அதே உயரம்தான்.

அண்ணன் தண்டவாளத்தைத் தாண்டும்போது போய்விட்டான். கடைசி எபிசோடை அவன் பதிந்து வைத்த அதே வாரம். மற்ற டேப்புகள் ஒரு மழை வெள்ளத்தில் போயின. அந்தக் கடைசி டேப் மட்டும் பரணில், பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்ததால் தப்பியது. நான் அதைப் போட்டுக் கேட்டதே இல்லை. கேட்டால் தீர்ந்துவிடும். கேட்காத வரைக்கும் அவன் என்னிடம் சொல்லவேண்டியது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது அல்லவா. இதையெல்லாம் ஒரு கேன் போடுகிற இடத்தில் சொல்ல முடியுமா? தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குத்தான் வாலுவை முதல் தடவை பார்த்தேன். ஆரஞ்சு நிறம். என் மனசில் அது கறுப்பாக, எங்கள் தெரு நாய் மாதிரி இருந்தது.

அக்கா விளக்கினார். சேனலை மூடிவிட்டார்கள். தமிழ்க் குரல் இருந்த டேப்புகளை அழித்து, அதன்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். படத்துக்குக் குறையில்லை, ஜப்பானில் ஒரு தாத்தா அதன் பிலிமைத் துடைத்துத் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். ஆனால் தமிழ் எங்கும் இல்லை. அதனால் கோயம்புத்தூரில் ஒருவர், மலேசியாவில் ஒருவர், இங்கே இந்த அக்கா என்று சில கிறுக்கர்கள் இன்டர்நெட்டில் கூட்டம் சேர்ந்து, அந்தக் காலத்தில் வீடுகளில் பதிந்த கேசட்டுகளைத் தேடிப் பிடித்து, குரலை மட்டும் பிரித்துப் படத்தோடு ஒட்டுகிறார்கள். கிறுக்கர்கள் என்பது நான் சொல்வது. அக்கா 'நண்பர்கள்' என்பார்.

வீட்டில் பதிந்ததில் கார்ட்டூன் பாதி, வீடு பாதி. வாலு பேசும்போது குக்கர் கத்தும். கல்லு நைனா பேசும்போது யாரோ மூக்கைச் சிந்துவார்கள். சோற்றில் கிடக்கிற முடியை எடுப்பதுபோல, அக்கா அதை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்த முடியை நாம் தூக்கிப் போடுவோம். அவர் போடவில்லை. ஒரு கறுப்புப் பெட்டியில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, 'மீதி' என்று எழுதியிருந்தது.

"இத்த இன்னாத்துக்குக்கா வச்சிகினு? கடாசிட வேண்டியதுதான?"

"அது அவங்க வீடு தம்பி. நாம எப்படித் தூக்கிப் போட?"

அந்த மீதியைத்தான் சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் ஓடவிடுவார். கதவுக்கு வெளியே நான் கேட்ட குடும்பம் அதுதான். மேனாம்பேட்டு இருமலும் ஆவடிக் குக்கரும் பூந்தமல்லிக் குழந்தையும் ஒரே வீட்டில்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஓ, இவ்வளவுதானா என்று ஒரு ஜோக் அடிக்க வாயைத் திறந்தேன். அப்போது மீதியிலிருந்து ஓர் ஆம்பளைக் குரல், "கேட்ட சாத்துனியா?" என்றது.

"சாத்தியாச்சு" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "கூப்பிட்டா பதில் சொல்லணும்லா."

அந்த அக்கா என்றால் எனக்கு அந்த ஒரு வரிதான். அவரால் ஒரு கூப்பிடுதலைப் பதில் இல்லாமல் விட முடியாது. தெருவில் கோலமாவு விற்கிறவர் கத்திக்கொண்டு போனால், நாலாவது மாடியிலிருந்து, "இன்னைக்கு வேண்டாம்ணே" என்பார். அந்த ஆளுக்கு நிச்சயம் கேட்டிருக்காது. ராங் நம்பர் வந்தால் வைக்க மாட்டார், அவர்கள் தேடுகிற ஆளைப் பற்றி விசாரிப்பார். ஸ்டேஷனிலிருந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று காற்றில் வந்தால், வாய்க்குள்ளே "சரி" என்பார். ஒரு தடவை பக்கத்துத் தெருவில் யாரோ செத்து, ஒரு பெண் "ஏன்யா போன" என்று கத்தினாள். அக்கா பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

கதவை ஒட்டிச் செருப்பு ஸ்டாண்டின்மேல் ஒரு சின்ன ரிக்கார்டர் இருக்கும். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். அது என்னவென்று கேட்டேன். படத்தில் சத்தத்தைப் பிடுங்கின இடம் ஓட்டையாகத் தெரியுமாம். அதை அடைக்க ஆளில்லாத வீட்டின் சும்மா சத்தம் வேண்டுமாம். சும்மா இருப்பதைக்கூடப் பதிகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம், என்னை முன்னாலேயே பார்த்திருந்தால் எவ்வளவு பதிந்திருக்கலாம். கேனை இறக்கும்போதெல்லாம் அதன்முன் குனிந்து, "வணக்கம், செய்திகள் வாசிப்பது உங்கள் குள்ளன்" என்பேன். அக்கா சிரித்ததில்லை. அழித்ததும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பல வீட்டுக்குள் போய்வருகிறவன் என்பதால் கேசட் தேடும் வேலையை என்னிடம் கொடுத்தார். நானும் கேன் போடுகிற வீட்டிலெல்லாம், "பழைய கேசட் இருக்குதாம்மா" என்று கேட்டேன். சென்னீர்குப்பத்தில் ஒருவர் என்னைப் பழைய இரும்பு வாங்குகிறவன் என்று நினைத்து, ஓடாத மிக்ஸியை எடுத்து வந்து நீட்டினார். ஆவடியில் ஒரு ரிட்டயர்டு சார் அவருடைய கல்யாணக் கேசட்டையே கொடுத்தார். அவர் மகன் சின்ன வயதில் அதன்மேல் கார்ட்டூனைப் பதிந்துவிட்டானாம். போட்டுப் பார்த்தோம். ஐயர் மந்திரம் சொல்கிறார், கெட்டிமேளம் ஆரம்பிக்கிறது, சார் தாலியை எடுத்துக் குனிகிறார், பட்டென்று வாலு வந்து வாலை ஆட்டுகிறது. வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் நரிக்குக் கல்யாணம் என்பார்கள், இங்கே கல்யாணத்துக்கே நரி வந்துவிட்டது என்றேன். ஜப்பானிலும் வெயில் மழைக்கு அப்படித்தான் சொல்லுவார்களாம், அக்கா சொன்னார். அந்தச் சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சம்சாரம் போய் இரண்டு வருஷம். தாலி கட்டுகிற இடம் அடியில் எங்காவது மிச்சம் இருக்குமா என்று கேட்டார். அக்கா எத்தனையோ நாள் தேடினார். கெட்டிமேளத்தின் கடைசித் தட்டு மட்டும்தான் கிடைத்தது. இப்போது அதுவும் மீதியில் இருந்தது. சாப்பிட உட்காரும்போது எங்கிருந்தோ ஒரு தட்டு, டம் என்று.

மேனாம்பேட்டிலிருந்து ஒரு அம்மா தான் கொடுத்த கேசட்டைத் திருப்பி வாங்க நேராகவே வந்தார். அக்கா அவரை உட்கார வைத்து, அவர் வீட்டு மீதியைப் போட்டுக் காட்டினார். ஒரு இருமல். அந்த அம்மா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இறந்துபோன அவர் வீட்டுக்காரருடைய இருமல். காப்பி போட்டுத் தருகிறேன் என்றார் அக்கா. அந்த அம்மா அவசரமாகத் தலையாட்டினார். "வேணாம்மா. ஊட்டுக்கு வந்தா நான் தூங்க மாட்டேன். அது இங்கயே இருக்கட்டும். நீ பாத்துக்கோ." போகும்போது அந்தக் கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கேசட்டை வாங்கிக்கொள்ளவே மறந்துவிட்டார்.

எனக்கு அந்த வீடு பிடித்திருந்ததா, பயமாக இருந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மத்தியானம், நல்ல வெயில். மீதி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது. மொத்தக் குடும்பமும் ஒரே நொடியில் வாயை மூடியது. காதில் ங்ங் என்று அமைதி. நான் ஏதோ சொல்ல வரும்போது சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

"பக்கத்து ஊடுக்கா" என்றேன்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது எனக்கே தெரியும். கேன் போடுகிறவனுக்குத் தெரியாமல் எந்த வீடும் பூட்டிக் கிடக்காது. அக்காவிடம் குக்கரே கிடையாது, கரண்ட் அடுப்பும் ஒரு பாத்திரமும்தான். நான் சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா அந்தப் பக்கம் பார்த்து, "அணைச்சாச்சு" என்றார். அதற்குப் பிறகு விசில் வரவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் கடைசி எபிசோடு தவிர எல்லாம் கிடைத்துவிட்டது. அது மட்டும் எங்கேயும் இல்லை. மலேசியாக்காரர் கைவிரித்தார், கோயம்புத்தூர்க்காரர் கைவிரித்தார். அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. கதை அந்த ஸ்டேஷனிலேயே நிற்கிறது தம்பி, அந்தப் பிள்ளை இன்னும் வண்டி ஏறலை என்றார். நரியைப் பிள்ளை என்கிறாரே என்று நினைத்தேன். என் வீட்டுப் பரணும் பிஸ்கட் டப்பாவும் என் கண்ணுக்குள்ளேயே நின்றன.

அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, கல்லு நைனா குரலிலேயே சொன்னேன். "வண்டி வரலன்னா இன்னா வாலு, ஸ்டேஷன் கீதுல்ல?"

அக்கா ஹெட்போனைக் கழற்றினார். "இத யாரு சொன்னது?"

"கல்லு நைனாதான். வாலு அழுவும்போது சொல்லும்ல."

"சொல்லாது. அந்த எபிசோடு எங்கிட்ட முழுசா இருக்கு. அந்த இடத்துல கல்லு நைனா ஒண்ணும் பேசாது. இது டேப் பக்கத்துல இருந்தவர் சொன்னது." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "பதிஞ்சது யாரு தம்பி?"

என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த ஒரே வசனம் அது. கஷ்டம் வந்தபோதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொள்வேன். ஜப்பான் சாமி சொன்னது என்று பெருமை வேறு. சொன்னவன் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, அண்ணன், தண்டவாளம், பரண்.

அக்கா டேப்பைக் கொடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். "பூஞ்சை பிடிச்சிருக்கும். வச்சிருந்தா அதுவே அழிஞ்சிரும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் தூக்கமில்லை. கேட்டால் தீர்ந்துவிடும், கேட்காமல் விட்டால் அழிந்துவிடும். மூன்றாவது நாள் டப்பாவோடு படியேறினேன். நாலு மாடியும் அன்றைக்குப் போல என்றைக்கும் உயர்ந்து நான் பார்த்ததில்லை. கேன் இல்லாமலே மூச்சு வாங்கியது.

ஒரு நிபந்தனை போட்டேன். "கார்ட்டூன நீ எத்துக்கோக்கா. எங்கண்ணன் குரலு அந்தப் பொட்டிக்குள்ள போவக் கூடாது. மீதிய என் கைல குட்த்துடு."

"அவர் கூப்பிட்டா யாரு பதில் சொல்லுவா?"

"எங்க ஊட்டு ஆளு. நாங்க பாத்துக்கறோம்."

அக்கா யோசித்தார். "சரி, நான் சொல்லலை" என்றார். அந்தப் பதிலை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

டேப்பின் ஸ்க்ரூவைக் கழற்றி, நாடாவைப் பஞ்சால் துடைத்து, புதுக் கேசட் கூட்டுக்கு மாற்றி, பென்சிலால் சுற்றினார். அவர் அதை ஓடவிடும்போது நான் பக்கத்தில் இருக்கவில்லை. கேன் போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அண்ணனின் மீதியை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். எபிசோடு நன்றாக வந்திருக்கிறதாம். ஒரே ஒரு இடம் தவிர.

கடைசிக் காட்சி. பனி கொட்டி ஸ்டேஷனே மூடிப்போயிருக்கிறது. கடைசியில் வண்டி வந்துவிடுகிறது. வாலு ஏறிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது. கல் சாமியைக் காணோம், பனி மூடிவிட்டது. "நைனா, இருக்கிறாயா?" என்று கேட்கிறது. கல்லு நைனா ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்கிறது. வண்டி கிளம்புகிறது. அந்த ஒரு வார்த்தையின் மேலேயே என் அண்ணன் பேசியிருந்தான். ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்றும் கூடவே வருகிறது. பிரிக்க முடியவில்லை.

அந்தக் குரலைக் கம்ப்யூட்டரிலேயே செய்து ஒட்டிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று நண்பர்கள் சொன்னார்களாம். பேசின கலைஞர் யாரென்றே தெரியாது, இருக்கிறாரா இல்லையா என்பதும் தெரியாது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆள் இருந்த இடத்துல பொம்மைய உக்கார வைக்க மாட்டேன்" என்றார். அப்படியானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பதில் வரும்" என்றார்.

பென் டிரைவை, கேன் ஏற்றிப் போகிற ஆட்டோவின் சாவியில் மாட்டிக்கொண்டேன். போட்டுக் கேட்கத் தைரியமில்லை.

அதற்கடுத்த கேன். வழக்கம்போலப் படியேறிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே இருமல் இல்லை, குக்கர் இல்லை, குழந்தைகள் இல்லை. ஒரே ஒரு குரல்.

"குள்ளா, பனி கொட்டுதுடா. கல்லு நைனா மூடிப் போச்சு. வாலு வண்டில ஏறிட்டான். திரும்பிப் பாக்கறான்."

கேன் தோளில் இருந்தது. இறக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை.

"டேய் குள்ளா. கேக்குதா? கீறியாடா?"

பிறகு ஒன்றும் இல்லை. அந்த அமைதி எனக்குப் புரிந்தது. கோலமாவுக்காரருக்குப் பதில் சொல்கிறவர், ஸ்டேஷன் மைக்குக்குப் பதில் சொல்கிறவர், இதற்குச் சொல்லவில்லை. உள்ளே அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கதவு வழியாகவே தெரிந்தது. நான் பெல் அடிக்கவில்லை. கீழே போய்விடலாம் என்று திரும்பினேன்.

"டேய் குள்ளா. கேக்குதா? கீறியாடா?"

பதினேழு வயசுக் குரல். இன்றைக்கு எனக்கு அவனைவிட இரண்டு மடங்கு வயது. கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"கீறேன்ணா."

உள்ளே டக் என்று டேப் நிற்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்காவைக் கண்டபடி பேச வேண்டும் என்றுதான் நின்றேன். வாக்குக் கொடுத்தாயே என்று. அவர் முகத்தில் குற்றமும் இல்லை, வெற்றியும் இல்லை. ஒரு வாரம் நோயாளி பக்கத்தில் கண்விழித்தவர் மாதிரி இருந்தார்.

"கூப்பிட்டுட்டே இருந்தார் தம்பி. நான் சொல்லக் கூடாதுல்லா" என்றார்.

கேனை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். செருப்பு ஸ்டாண்டின்மேல் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் அதற்கு வணக்கம் சொல்லவில்லை.

அதற்கடுத்த தடவை போனபோது வீடு பூட்டியிருந்தது. காலி செய்துவிட்டுப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். எங்கே என்று தெரியாது. நாலைந்து பேராவது கூட வருவார்கள் என்று நினைத்து, சாமான் இறக்க, கேன்காரனுக்குத் திறக்காத லிப்ட்டையும் திறந்து வைத்தாராம். அக்கா மட்டும் மடியில் ஒரு கறுப்புப் பெட்டியோடு ஆட்டோவில் உட்கார்ந்தாராம். "ஆனா கிளம்பறப்ப பின்னாடி திரும்பி, எல்லாரும் ஏறியாச்சான்னு கேட்டாங்கப்பா" என்றார் வாட்ச்மேன். அவரும் சிரிக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கார்ட்டூன் முழுவதும் இன்டர்நெட்டில் வந்தது. கடையில் கேன்களின்மேல் உட்கார்ந்துகொண்டு போனில் கடைசி எபிசோடைப் பார்த்தேன். என் அண்ணனின் குரல் ஒரு துளிகூட இல்லை. அவ்வளவு சுத்தம். பனி கொட்டியது. வாலு வண்டியில் ஏறியது. திரும்பிப் பார்த்தது. "நைனா, இருக்கிறாயா?"

"கீறேன்" என்றது கல்லு நைனா.

கேன் தூக்கி நாலு மாடி ஏறினவனுடைய மூச்சு அந்த வார்த்தையில் அப்படியே இருந்தது. கீழே ஊரெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்து டப்பிங் கலைஞர்களே கலைஞர்கள், ஒரே வார்த்தையில் அழ வைத்துவிட்டார், அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று. நான் ஒரு காலி கேனைக் காலால் உருட்டிக்கொண்டு அதையெல்லாம் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் மனைவியிடம் காட்டினேன். "இது உன் குரலாட்டமே கீதே" என்றாள். கல்லு குரல் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். 'கீறேன்' என்பதோடு நிற்கிறது. அதற்குப் பின்னால் நான் சொன்ன 'அண்ணா' அங்கே இல்லை. சோற்றில் முடியை எடுப்பதுபோல அதை மட்டும் எடுத்திருக்கிறார். அந்த அக்கா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை.

பென் டிரைவ் இன்னும் என் ஆட்டோ சாவியில்தான் தொங்குகிறது. போட்டுக் கேட்கவில்லை. கூப்பிடுகிறவனும் பதில் சொல்கிறவனும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள், அது இந்தச் சாவிக்கொத்து இல்லை.

எந்த ஊரோ, எத்தனையாவது மாடியோ தெரியாது. அங்கேயும் யாராவது ஒருவன் தோளில் கேனோடு கதவுக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். உள்ளே இருமல், குக்கர், கெட்டிமேளத்தின் ஒரு தட்டு, குழந்தைகள், ஒரு அண்ணன், ஒரு தம்பி. எவ்வளவு பெரிய குடும்பம், ஒரே ஒரு கேன்தானா என்று நினைத்துக்கொள்வான்.